உலாவி முகவருக்கு யார் கையேடு எழுதுவது?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று குமரி மாவட்டத்தில் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் இ-சேவை என்ற பலகை கண்ணில் படும். உள்ளே இருப்பவர் நாள் முழுக்க அடுத்தவருக்காக உலாவியை இயக்குகிறார். பட்டா நகல், வில்லங்கச் சான்று, வருமானச் சான்று, ரயில் டிக்கெட் என்று எது கேட்டு வந்தாலும், வந்தவரின் பெயரில் இணையதளத்துக்குள் போய், கட்டங்களை நிரப்பி, கோப்புகளை ஏற்றி, ஓடிபி கேட்டு வாங்கி, ரசீதை அச்செடுத்துக் கையில் கொடுக்கிறார். இதே வேலைக்குத்தான் உலகமெங்கும் இப்போது ஏஐ முகவர்களைப் பழக்குகிறார்கள். மனிதர் ஒரு வரி சொன்னால் போதும். உலாவியைத் திறப்பது, தேடுவது, கிளிக் செய்வது, விண்ணப்பத்தை முடிப்பது எல்லாம் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள்.

அதற்கான கருவிகள் வந்துவிட்டன. அந்தக் கருவிகளை எப்படி, எதுவரை பயன்படுத்தலாம் என்று முகவருக்கு எழுதிச் சொல்லும் ஆவணம் மட்டும் இன்னும் அரைகுறையாகவே இருக்கிறது. இந்தத் துறையில் இதுவரை எழுதப்பட்டது என்ன, அதில் விடுபட்டது என்ன, விடுபட்டதை யாரால் எழுத முடியும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பொத்தானை எப்படி அழுத்துவது என்பதைக் கருவி செய்கிறவர்கள் நன்றாகவே எழுதிவிட்டார்கள். எங்கே நிற்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும், காலியாக வந்த விடைக்கு என்ன பொருள் என்பதை எழுதத் தெரிந்தவர்கள் நம்முடைய இ-சேவை மேசைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

உலாவியைத் தானாக ஓட்டும் கருவிகள் மென்பொருள் சோதனைக்காகப் பிறந்தவை. 2004ல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜேசன் ஹக்கின்ஸ், அலுவலகத்தின் நேரக்கணக்கு, செலவுக்கணக்குச் செயலியைத் திரும்பத் திரும்பக் கையால் சோதிக்க வேண்டியிருந்ததால் செலினியத்தை எழுதினார். பிறகு சைமன் ஸ்டூவர்ட்டின் வெப்டிரைவர் அதோடு சேர்ந்தது. 2018 ஜூனில் வெப்டிரைவர் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரைத் தரமாகவே ஆனது. இடையில் 2017ல் கூகுளின் குரோம் அணி பப்பட்டியரைக் கொண்டுவந்தது. 2020ல் மைக்ரோசாஃப்ட் பிளேரைட்டை வெளியிட்டது. சென்னையிலும் பெங்களூரிலும் ஐ.டி. வேலைக்குப் போன நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளில் பலருக்குச் செலினியம் அன்றாடச் சோறு. தமிழிலும் இதற்கு நூல் உண்டு. கணியம் இதழின் வழியே தொழில்நுட்ப நூல்களை எளிய தமிழில் தந்துவரும் து. நித்யா செலினியத்துக்கும் ஒன்று எழுதியிருக்கிறார். ஆங்கிலக் கையேட்டைப் பார்த்து மிரளும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இப்படி ஒரு நூல் எத்தனை பெரிய துணை என்பது அந்த நிலையைக் கடந்து வந்தவர்களுக்குத் தெரியும்.

அந்தக் காலத்துக் கையேடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் எடுகோள் இருந்தது. படிக்கிறவர் மனிதர், அவர் சோதிக்கும் பக்கம் அவருடைய நிறுவனத்தின் பக்கம், அதில் என்ன நடக்க வேண்டும் என்று அவருக்கு முன்பே தெரியும். ஆகவே கட்டளையின் பெயர், அதற்குக் கொடுக்க வேண்டிய மதிப்புகள், ஓர் எடுத்துக்காட்டு, இவ்வளவும் இருந்தால் போதுமானதாக இருந்தது. பொத்தானை அழுத்தலாமா என்ற கேள்வி கையேட்டில் எழவே இல்லை. சோதனைத் தளத்தில் ஆயிரம் முறை அழுத்தினாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

2024ன் கடைசியிலிருந்து இந்த எடுகோள் உடைந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், தன் ஏஐ மாதிரி கணினித் திரையைப் பார்த்து இயக்கும் வசதியை வெளியிட்டது. நவம்பரில் எம்சிபி என்ற பொது நெறிமுறையை, அதாவது மாதிரிகளோடு வெளிக் கருவிகளை இணைக்கும் ஒரு பொது ஏற்பாட்டை, அறிவித்தது. 2025 ஜனவரியில் ஓப்பன்ஏஐயின் ஆபரேட்டர் என்ற உலாவி முகவர் வந்தது. மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் பிளேரைட்டையே எம்சிபி கருவியாகக் கொடுத்தது. இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஓரிரு வரி விளக்கம், கேட்கும் மதிப்புகளின் பட்டியல் உண்டு. முகவருக்குக் கருவியைப் பற்றிக் கிடைப்பது பெரும்பாலும் அவ்வளவுதான். மனிதர் கையேட்டை ஒரு தடவை படித்துவிட்டு மூடிவைப்பார். முகவரோ ஒவ்வொரு வேலையிலும் முதல் தடவை படிப்பது போலப் படிக்கிறது. எழுதியவர் ஒரு சொல்லைத் தளர்வாக விட்டால், அந்தத் தளர்வு அத்தனை ஓட்டத்திலும் செயலாகவே வெளிப்படும். விளக்கவுரை இப்போது கருவியின் ஓர் உறுப்பாகிவிட்டது என்பேன்.

இதைக் கிட்டப்போய்ப் பார்க்க பிளேரைட் எம்சிபியின் கிளிக் கருவியே போதும். 2025ல் வந்த வடிவத்தில் அது இரண்டு மதிப்புகளைக் கேட்டது. ஒன்று, எந்த உறுப்பை அழுத்தப்போகிறோம் என்பதற்கு மனிதருக்குப் புரியும்படியான ஒரு விவரிப்பு. மற்றொன்று, பக்கத்தின் பதிவில் அந்த உறுப்புக்கு உள்ள குறியெண். இயந்திரத்துக்குக் குறியெண் மட்டுமே போதும். விவரிப்பு எதற்கு? அழுத்துவதற்கு அனுமதி கேட்பதற்காக என்று அந்த விளக்க வரியிலேயே எழுதியிருந்தார்கள். முகவர் ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பி என்ற பொத்தான்’ என்று சொல்ல வேண்டும்; உட்கார்ந்திருக்கும் மனிதர் சரி என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு மதிப்பின் விளக்கத்துக்குள் சம்மதம் என்ற முழுக் கேள்வியையும் வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த கருவி ஆவணங்களில் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைத்தது இந்த வரிதான்.

அதே தொகுப்பில் திரையைப் படம் பிடிக்கும் கருவியின் விளக்கம், படத்தை வைத்துச் செயல்படாதே, செயல்பட வேண்டுமானால் பக்கப் பதிவை எடு என்று கண்டிப்பாகச் சொல்கிறது. எது செய்யக்கூடாது என்று சொல்லி, மாற்று வழியையும் உடனே காட்டுவது நல்ல எழுத்து. எம்சிபியின் 2025 மார்ச் வடிவம் இன்னொரு படி போய், இந்தக் கருவி படிக்க மட்டுமா, அழிக்கக்கூடியதா என்று அடையாளமிட இடம் கொடுத்தது. ஆனால் அவை வெறும் குறிப்புகளே, நம்பிக்கையில்லாத இடத்திலிருந்து வந்தால் நம்பாதே என்றும் அதே விதிமுறை எச்சரிக்கிறது.

எவ்வளவு எழுதுவது என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. 2024 செப்டம்பரில் ஜெரமி ஹோவர்ட், ஒவ்வொரு தளமும் மாதிரிகளுக்கென்று சுருக்கமான ஓர் உரைக்கோப்பை வைக்கலாம் என்று எல்எல்எம்எஸ்.டிஎக்ஸ்டி யோசனையை முன்வைத்தார். நிரல் எழுதும் முகவர்களுக்காக ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற கோப்பு வழக்கத்துக்கு வந்தது. இவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரே நெருக்கடி. மாதிரி ஒரு நேரத்தில் பார்க்கக்கூடிய உரைக்கு அளவு உண்டு. அளவுக்குள் இருந்தாலும், நீண்ட உரையின் நடுவில் கிடக்கும் செய்தியை மாதிரிகள் தவறவிடுகின்றன என்று 2023ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதனால் சுருக்கு, சுருக்கு என்பதே இன்றைய பொதுக் குரல். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது எச்சரிக்கைகளும் விதிவிலக்குகளும். குமரி மாவட்டத்து ஆவணங்களில் விதியைவிட விதிவிலக்கு அதிகம்.

ஒரு வரி எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2023ல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெப்அரீனா என்ற சோதனைக்களத்தை அமைத்தார்கள். உண்மைத் தளங்களைப் போலவே செயல்படும் பக்கங்களில் 812 வேலைகள். மனிதர்கள் 78 சதவீதத்தை முடித்தார்கள். ஜிபிடி-4 என்ற மாதிரி முடித்தது சுமார் 14 சதவீதம். அதன் பிறகு மாதிரிகள் வெகுவாக முன்னேறிவிட்டன. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. செய்ய முடியாத வேலை என்று தோன்றினால் நிறுத்திவிடு என்று ஒரு வரியைச் சேர்த்தபோது, செய்யக்கூடிய வேலைகளிலேயே பாதிக்கு மேல் முடியாது என்று ஜிபிடி-4 கைவிட்டது. அந்த வரியை எடுத்தபோது மொத்த வெற்றி கூடியது. ஆனால் உண்மையிலேயே முடியாத வேலையை முடியாது என்று கண்டுகொள்ளும் திறன் குறைந்தது. ‘தோன்றினால் நிறுத்து’ என்ற பொத்தாம்பொதுவான அறிவுரை இரண்டு பக்கமும் கெடுக்கிறது. இந்தப் பக்கத்தில் இந்தச் செய்தி வந்தால் நிறுத்து, இன்னது வந்தால் மறுபடி முயற்சி செய் என்று இடம் சுட்டி எழுதினால்தான் பயன். அப்படி எழுத அந்தப் பக்கத்தைத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி நம் ஊர்ப் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கும் பக்கம். மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், ஆரம்ப நாள், முடிவு நாள், கிராமம், புல எண், உட்பிரிவு எண், கடைசியில் கேப்ச்சா. பார்க்க எளிமையானது. முதல் கட்டத்திலேயே குமரிக்காரர் திருநெல்வேலி மண்டலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது கட்டத்தில் மாவட்டம் என்றிருப்பது பதிவு மாவட்டம். வருவாய்க் கணக்கில் மார்த்தாண்டம் என்று ஒரு மாவட்டம் கிடையாது, பதிவுத்துறையில் உண்டு. மேற்குப் பக்கத்துச் சொத்துகள் பல அதன்கீழ் வருகின்றன. கிராமம் என்பதும் பதிவு கிராமம். பட்டாவில் உள்ள வருவாய் கிராமத்தின் பெயர் அந்தப் பட்டியலில் அப்படியே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அடுத்தது புல எண். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி ஆட்சியில் இருந்தது. நிலக்கணக்கும் அந்த அரசின் கணக்கு. அதனால்தான் இங்கே எழுதப்படும் பத்திரங்களில் பழைய சர்வே எண், ரீசர்வே எண் என்று இரண்டும் வரும். 2 எண்களிலும் வில்லங்கம் பார்த்தால்தான் பார்த்ததாகும். தாத்தா காலத்து மூலப்பத்திரம் மலையாளத்தில் இருக்கும். தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். 1120 என்று கண்டால் அது 1944-45 என்று இங்கே வளர்ந்தவர் மனக்கணக்காகச் சொல்லிவிடுவார். முகவர் அதை எண்ணாகத்தான் பார்க்கும், யாராவது சொல்லிவைக்காத வரை.

இங்கே மிகப் பெரிய ஆபத்து தவறான எண்ணைக் கொடுப்பதில் கூட இல்லை. தவறான கிராமத்தையோ பழைய எண்ணை விட்டுவிட்டு ரீசர்வே எண்ணை மட்டுமோ கொடுத்துத் தேடினால், பக்கம் பிழை என்று சொல்லாது. பதிவுகள் எதுவும் இல்லை என்றே விடை வரும். அது தொழில்நுட்ப ரீதியாக முழு வெற்றி. கருவி தன் வேலையைச் சரியாகச் செய்தது. முகவர், ‘இந்தச் சொத்தில் வில்லங்கம் இல்லை’ என்று நல்ல தமிழில் எழுதிக் கொடுக்கும். அதை நம்பி ஒருவர் முன்பணம் கொடுத்தால், கல்ஃபில் பத்து வருஷம் உழைத்த காசு அடமானத்தில் கிடக்கும் நிலத்துக்குப் போய்ச் சேரும். இன்றுள்ள கருவி ஆவணங்கள் எதுவும் இந்த இடத்தைத் தொடுவதில்லை. பிழை வந்தால் என்ன செய்வது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். காலியாக வந்தால் என்ன பொருள் என்று எழுதுவதில்லை. கிராமம் சரியா, இரண்டு எண்களும் தேடப்பட்டனவா, அந்தச் சார்பதிவகத்தின் பதிவுகள் எந்த நாளிலிருந்து கணினியில் இருக்கின்றன என்ற மூன்றையும் சொல்லாமல் ‘இல்லை’ என்ற சொல்லைப் பயனருக்குத் தராதே என்ற ஒரே ஒரு விதி, கிளிக் செய்வது பற்றிய நூறு பக்கங்களைவிட மேல்.

சாதிச் சான்றிலும் இதே கதை. பட்டியல் சாதி, பழங்குடியினர் பட்டியல்களில் சில சமூகங்களின் பெயருக்குப் பக்கத்தில், கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டை வட்டத்துக்கும் மட்டும் பொருந்தும் என்ற வரம்பு நிற்கிறது. சிலவற்றில் இவை நீங்கலாக என்று நிற்கிறது. இரண்டு பகுதிகளும் திருவிதாங்கூரிலிருந்து வந்தவை என்பதன் தொடர்ச்சி அது. தமிழகம் முழுவதற்கும் பொதுவாகப் பயிற்றப்பட்ட முகவர் இந்த வரம்பை அறியாமல் ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தில் தவறான பிரிவைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அந்தப் பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை கையை விட்டுப் போகலாம். மாவட்டத்தைக் கேட்டபிறகே பிரிவைத் தொடு என்று எழுதிவைப்பது பெரிய வித்தை அல்ல. எழுத வேண்டும் என்று தெரிந்தவர் எழுத வேண்டும், அவ்வளவே.

இ-சேவை மேசையில் நடக்கும் பேச்சைக் கவனித்தால் அந்த அறிவு எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். “மோளே, எனக்க பேத்திக்கு வருமானச் சர்ட்டிபிகேட்டு எடுக்கணும்” என்று ஒரு பாட்டி வருவார். மேசையில் இருக்கும் பெண் உடனே விண்ணப்பத்தைத் திறப்பதில்லை. “ரேஷன் கார்டுல பிள்ளைக்க பேரு சேத்தாச்சா பாட்டி? கேன் நம்பருல யாருக்க போனு குடுத்திருக்கிய? மகன் துபாயிலயா? அப்போ ஓடிபி அங்கல்லா போவும், முதல்ல அவரக் கூப்பிடுங்க” என்பார். குடிமக்கள் கணக்கு எண்ணில் எந்தக் கைபேசி இணைந்திருக்கிறது என்ற கேள்வி விண்ணப்பப் படிவத்தில் எங்கும் இல்லை. ஆனால் அதைக் கேட்காமல் தொடங்கினால் நடுவழியில் நிற்க வேண்டும். ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டலும் ரேஷன் கார்டில் வேறொன்றுமாக இருந்தால், எதை வைத்துக்கொள்வது, எதை முதலில் திருத்தச் சொல்லி அனுப்புவது என்றும் அவருக்குத் தெரியும். முகவரின் இயல்போ வேறு. பெயரில் பிழை என்று பட்டால் தானே திருத்தி எழுதிவிடும். பெயர், முகவரி, எண் ஆகிய மூன்றையும் ஆவணத்தில் உள்ளபடியே பிழையோடு எடுத்துக்கொள், வேறுபாடு இருந்தால் கேள் என்பது கையேட்டின் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

ஊர்ப்பெயர்களிலும் கவனம் வேண்டும். 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அறிவித்து, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. ஒரே ஊருக்கு மூன்று கூட்டல்கள் புழங்கும் நாட்டில், எழுத்துப் பொருத்தத்தை மட்டும் நம்பி டிராப்டவுனில் தேர்ந்தெடுக்கும் கருவி வழுக்கும்.

பக்கத்தின் பதிவு என்று மேலே சொன்னேன். அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இந்தத் துறையின் ஆகப் பெரிய நன்மை இருக்கிறது. உலாவி ஒவ்வொரு பக்கத்துக்கும் அணுகல் மரம் ஒன்றைக் கட்டுகிறது. இது பொத்தான், இது எழுதும் கட்டம், இதன் பெயர் ‘புல எண்’ என்று சொல்லும் அந்த மரம், பார்வையற்றோரின் திரைவாசிப்பான்களுக்காக வந்தது. முகவர்களும் இப்போது அதையே படிக்கின்றன. படத்தைவிட அது சுருக்கம், துல்லியம். கட்டத்துக்குப் பெயரிடாமல் விட்டிருந்தால் பார்வையற்றவர் காதில் ‘எழுதும் கட்டம்’ என்று மட்டும் விழும். முகவருக்கும் அதே வெறும் கட்டம்தான். மத்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளை 2009லேயே வெளியிட்டது. 2023ல் மூன்றாம் பதிப்பு வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016லிருந்து இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், இணையச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றே சொல்லிவிட்டது. முகவர்களுக்காகத் தளங்களைச் செப்பனிடப் பணம் ஒதுக்க முன்வருகிறவர்கள், இத்தனை ஆண்டுகள் காத்திருந்த பார்வையற்றோருக்குப் பட்ட கடனைத்தான் முதலில் தீர்க்கிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பெயரிடப்பட்ட ஒரு கட்டம் இருவருக்கும் போதும்.

தமிழுக்கு இன்னொரு தடங்கல் உண்டு. தமிழக அரசு 2010ல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. ஆனாலும் பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் அடித்த பிடிஎஃப் கோப்புகள் இன்றும் ஏராளம். திரையில் தெளிவான தமிழ். நகலெடுத்தால் பொருளற்ற குறிகள். முகவர் உரையாக எடுத்தால் குப்பை வரும், படமாக வாசித்தால் ‘ண’வும் ‘ன’வும் மயங்கும். எந்தத் துறையின் எந்தச் சான்று எந்த வடிவில் இறங்குகிறது என்ற பட்டியலும் கையேட்டின் பகுதியே.

இனி வேலி பற்றி. எல்லாக் கருவியும் எல்லா இடத்துக்கும் போகலாம் என்றில்லை. நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குத் திரும்பும் கூட்டத்தில் தட்கல் டிக்கெட்டுக்காகப் பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் விரலைத் தயாராக வைத்திருந்து, அரை நிமிடத்தில் காத்திருப்போர் பட்டியலில் விழுந்த எவருக்கும் தானியக்க மென்பொருள் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. முன்பதிவு திறந்த முதல் 5 நிமிடங்களில் உள்நுழைய வருவதில் பாதிவரை தானியக்க மென்பொருளின் வேலை என்று ரயில்வே 2025ல் சொன்னது, 2.5 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்கியது. அந்த ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்தவருக்கே இணையத்தில் தட்கல் என்றும், 15ஆம் தேதி முதல் ஓடிபி என்றும், முதல் அரை மணி நேரம் அங்கீகாரம் பெற்ற டிக்கெட் முகவர்களுக்கும் இடமில்லை என்றும் விதி வந்தது. அது சரியான விதி. கேப்ச்சாவை உடைக்கும் வழிகளைக் கருவி ஆவணத்தில் எழுதுகிறவர்கள், வரிசையில் நிற்கும் எளியவரின் இடத்தைப் பறிக்கும் வழியைத்தான் எழுதுகிறார்கள். கேப்ச்சா வந்தால் மனிதரிடம் கொடு, ஓடிபியை மனிதரே தட்டட்டும், அதைச் சேமிக்காதே. இதற்கு மாற்றுக் கருத்து உண்டு. விரல் நடுங்கும் முதியவருக்கும் கண் தெரியாதவருக்கும் கேப்ச்சாவே கொடுமை என்கிறார்கள். அது உண்மை. ஆனால் அதற்கு விடை தளத்துக்காரர் வேறு வகைச் சரிபார்ப்பைத் தருவது. முகவர் திருட்டுத்தனமாக வேலி தாண்டுவதாக இருக்கக்கூடாது.

மறைந்திருக்கும் கட்டளைகள் அடுத்த சிக்கல். பக்கத்தில் எழுதியிருப்பதையும் தன் எஜமானர் சொன்னதையும் மாதிரியால் முழு உறுதியோடு பிரித்தறிய முடிவதில்லை. 2022 செப்டம்பரில் சைமன் வில்லிசன் இதற்குப் பெயரிட்டு எச்சரித்தார். 2025 ஆகஸ்டில் பிரேவ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பெர்ப்ளெக்சிட்டியின் காமெட் உலாவியிடம் ஒரு பக்கத்தைச் சுருக்கித் தரச் சொன்னால், அப்பக்கத்தில் ஒளித்துவைத்த வரிகளை அது கட்டளையாக எடுத்துக்கொண்டு பயனரின் மின்னஞ்சலுக்குள் போய் ஓடிபி வரை எடுப்பதைக் காட்டினார்கள். ஆவணத்தில் ‘பக்கத்தின் சொல்லைக் கேட்காதே’ என்று எழுதுவது உதவும், காக்காது. வருமானச் சான்றுக்கு வந்த முகவருக்கு மின்னஞ்சல் பெட்டியின் சாவியையே கொடுக்காமல் இருப்பதுதான் காப்பு. எந்தத் தளம் வரை போகலாம், எந்தக் கணக்கு திறந்திருக்கும் என்பதை அமைப்பே கட்டுப்படுத்தி, அந்தக் கட்டுப்பாட்டை ஆவணம் பதிவுசெய்ய வேண்டும்.

படிக்க மட்டும் செய்கிற முகவரால் தீங்கில்லை என்ற எண்ணத்திலும் ஓட்டை இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையிலான கடற்கரைக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுவதுண்டு. காற்றும் மழையும் இல்லாமல், தொலைதூரப் பெருங்கடலில் எழுந்த அலை சொல்லாமல் கரையில் ஏறும் நிகழ்வு அது. ஒக்கி புயலில் 2017 நவம்பர் கடைசியில் தகவல் கடலுக்குப் போய்ச் சேராததன் விலை என்ன என்பது குமரியின் ஒவ்வொரு மீனவ ஊருக்கும் தெரியும். எச்சரிக்கைப் பக்கத்தைத் திறந்து படித்துச் சொல்லும் முகவர், நேற்றைய பக்கம் நினைவகத்தில் தங்கியிருந்து அதையே படித்துச் சொன்னால்? பக்கத்தை எடுக்கும் கருவி, எடுத்த நேரத்தையும் பக்கத்தில் அச்சான நேரத்தையும் சேர்த்தே திருப்பித்தர வேண்டும். நேரம் கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். கருவியின் விடை எப்படி இருக்கும் என்பதும் ஆவணப்படுத்த வேண்டிய பொருள்தான். பலரும் உள்ளே போவதை மட்டும் எழுதி, வெளியே வருவதை விட்டுவிடுகிறார்கள்.

2025ல் கூகுளும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வெப்எம்சிபி என்ற யோசனையை டபிள்யூ3சியின் சமூகக் குழுவில் வைத்தன. முகவர் வெளியிலிருந்து பொத்தான்களைத் தடவிக்கொண்டிருக்க வேண்டாம். பக்கமே தன்னிடம் உள்ள வசதிகளைக் கருவிகளாக, விளக்கத்தோடு, அறிவிக்கட்டும் என்பது அதன் சாரம். அது நிலைத்தால், கையேடு எழுதும் பொறுப்பு கருவி செய்கிறவரிடமிருந்து தளம் நடத்துகிறவரிடம் வந்து சேரும். பதிவுத்துறையும் வருவாய்த்துறையும் மின்னாளுமை முகமையும் தங்கள் பக்கங்களுக்குத் தாங்களே விளக்கம் எழுத வேண்டிவரும். சென்னையில் ஒப்பந்தக்காரர் ஒருவர் உட்கார்ந்து கட்டங்களின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தால் பழைய குறையே புது இடத்தில் குடியேறும்.

அதற்குள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மின்னாளுமை முகமை, மாவட்டத்துக்குப் பத்துப் பேராவது அனுபவமுள்ள இ-சேவைப் பணியாளர்களையும், பத்திர எழுத்தர் ஒருவரையும், திரைவாசிப்பான் பயன்படுத்தும் ஒருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, அதிகம் புழங்கும் பக்கங்களுக்குத் தமிழில் குறிப்பு எழுதவைக்கலாம். அவர்களுக்கு அதற்குரிய ஊதியம் கொடுக்க வேண்டும். பெயரும் போட வேண்டும். பக்கம் மாறும்போது குறிப்பும் மாற வேண்டும் என்பதால், கடைசியாகச் சரிபார்த்த நாள் ஒவ்வொரு குறிப்பிலும் நிற்க வேண்டும். கணியம் போன்ற கட்டற்ற மென்பொருள் அமைப்புகளுக்கு இவ்வகைக் கூட்டெழுத்தில் நெடுநாள் பழக்கம் உண்டு. 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டிருப்பதால், சம்மதத்தை எப்போது, எந்தச் சொற்களில் கேட்பது என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம்.

குமரிக்கு நான் முதலில் கேட்பது வில்லங்கப் பக்கத்துக்கான குறிப்பு. அதில் வர வேண்டியவை: திருநெல்வேலி மண்டலம், கன்னியாகுமரி, மார்த்தாண்டம் என்ற இரண்டு பதிவு மாவட்டங்களில் எந்தச் சார்பதிவகம் எதில், ஒவ்வொரு வருவாய் கிராமத்துக்கும் நேரான பதிவு கிராமம், பழைய எண், ரீசர்வே எண் இரண்டிலும் தேடாமல் முடிக்காதே என்ற விதி, கொல்லம் ஆண்டுக் கணக்கு, கேப்ச்சா வந்தால் மனிதரிடம் தா, விடை காலியாக வந்தால், எங்கெல்லாம் தேடினாய், எதிலிருந்து எதுவரை தேடினாய் என்பதை எழுதிவிட்டு, கணினிக்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் மனு போடச் சொல்.